ஓட்டிசமுள்ள பிள்ளைக்கான பட நேரசூசி: அனுபவமுள்ளோரின் உதவி தேவை

களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தரம் 2 இல் நான் கற்பிக்கும் ஓட்டிசமுள்ள சிறுவன், இடைவேளை மணி ஒலித்ததும் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் ஒதுங்கிவிடுகிறான். அதைக் குழப்படி என்று சிலர் சொல்வது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை உணர்வதிலுள்ள வேறுபாட்டை, உளநல நிலைமைகளை இனங்காண்பதற்காக அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடே ஓட்டிசத்தின் இயல்புகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

அடுத்து நடக்கவிருப்பதைப் படங்களால் முன்கூட்டியே காட்டும் நேரசூசி இத்தகைய பிள்ளைகள் பலரின் பதற்றத்தைத் தணிப்பதால், வகுப்பில் ஒன்றைத் தொங்கவிட விரும்புகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதனைப் பயன்படுத்தும் ஆசிரியர்களும் பெற்றோரும், காலைக் கூட்டம், கைகழுவுதல் போன்றவற்றுக்கான படஅட்டைகளைப் பகிருமாறும், விளையாட்டுப் போட்டி ஒத்திகையால் பாடவேளைகள் திடீரென மாறும் நாட்களில் பிள்ளையை எவ்வாறு ஆயத்தப்படுத்துகிறீர்கள் என எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறேன். அவனது தாயாரின் சம்மதத்துடனேயே இதனைப் பதிவிடுகிறேன்.