ஜாப் பச்சையில் இருக்கிறது, ஃபைலைக் காணோம்: சேருமிட அனுபவங்களைப் பகிருங்கள்

இரவுப்பணி:

தானியங்கி ஃபைல் பரிமாற்றம் பார்க்கிற எல்லோருக்கும் இந்த அழைப்பு பழகியிருக்கும். "ஜாப் சக்ஸஸ்னுதான் சார் காட்டுது, ஆனா எங்க ஃபோல்டர்ல ஒண்ணும் வரலையே." நெட்வொர்க் அறுந்தாலோ பாஸ்வேர்டு காலாவதியானாலோ ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) சிவப்பாகிவிடும், பத்து நிமிடத்தில் யாராவது எழுப்புவார்கள். சேருமிடம் தப்பாக இருந்தால் யாரும் எழுப்புவதில்லை. ஏதோ ஓரிடத்தில் எழுத முடிந்ததா, அத்தோடு மென்பொருளின் வேலை முடிந்தது. அது நாம் நினைத்த இடம்தானா என்று பார்க்கிற பொறுப்பு நம்முடையது. புது ஜாப் அமைக்கும்போது நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இந்த ஒரு கட்டத்துக்குத்தான். கீயும் ஷெட்யூலும் பிறகு.

நான் பார்த்ததிலேயே மோசமானதை முதலில் எழுதுகிறேன். ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். இன்வாய்ஸ் பிடிஎஃப்கள் தினமும் இரவு ஒரு லினக்ஸ் சர்வரிலிருந்து என்எஃப்எஸ் ஷேருக்கு (நெட்வொர்க்கில் பகிரப்படும் ஃபோல்டர்) போக வேண்டும். பேட்ச் போட்டு சர்வரை ரீபூட் செய்த இரவில் ஷேர் மவுண்ட் ஆகவில்லை, அதாவது சர்வரோடு இணையவில்லை. மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் நோஃபெயில் (இணையாவிட்டாலும் நிற்காதே) ஆப்ஷன் இருந்ததால் சர்வர் அதைப் பெரிதுபடுத்தாமல் எழுந்துவிட்டது. மவுண்ட் ஆக வேண்டிய இடத்தில் வெறும் ஃபோல்டர் ஒன்று இருக்கிறதல்லவா, ஜாப் அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டது. எல்லா இரவும் சக்ஸஸ். ரூட் பார்ட்டிஷன் (சர்வரின் சொந்த டிஸ்க்) நிரம்பி டேட்டாபேஸ் நின்ற பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

அதற்குள் அங்கிருந்த ஒருவர் ஷேரை மறுபடி மவுண்ட் செய்திருந்தார். ஷேர் மேலே வந்து உட்கார்ந்ததும் அதுவரை எழுதப்பட்ட ஃபைல்கள் எல்லாம் அடியில் மறைந்துவிட்டன. டிஸ்க் நிரம்பியிருக்கிறது, ஆனால் ஃபோல்டர் வாரியாகக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. இந்த அறிகுறியை எங்கே பார்த்தாலும் மவுண்டுக்கு அடியில் தேடுங்கள். ரூட் பார்ட்டிஷனை இன்னொரு இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்தால், ஓடுகிற ஷேரைத் தொடாமலேயே அடியில் இருப்பது தெரியும். விட்டுப்போன அத்தனை நாள் இன்வாய்ஸும் அங்கே பத்திரமாக இருந்தன. வாடிக்கையாளர்களுக்குப் பில் போகாமல் நின்றிருந்ததால் கணக்குப் பிரிவில் இருந்தவர்களின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் செய்வது இதுதான்: மவுண்ட் செய்வதற்கு முன், அந்த வெறும் ஃபோல்டருக்கு சேட்டர் கட்டளையால் 'ப்ளஸ் ஐ' கொடுத்துப் பூட்டிவிடுவேன். அதன்பின் ஷேர் இல்லாத நேரத்தில், எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசரால்கூட அதற்குள் ஒரு ஃபைல் உருவாக்க முடியாது. ஜாப் உடனே சிவப்பாகும். ஷேர் மவுண்ட் ஆகிவிட்டால் இந்தப் பூட்டு குறுக்கே வராது. கூடவே, ஜாப் தொடங்கும் முன், ஷேர் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று மவுண்ட்பாயின்ட் கட்டளையால் ஒரு சோதனை.

கட்டளைவரி:

நல்ல இழை அண்ணா. என் பங்குக்குப் பாதி ஃபைல் கதை.

நாங்கள் அனுப்பும் சிஎஸ்வி (வரிவரியான தரவு ஃபைல்), எதிர்த்தரப்பில் ஒரு ஃபோல்டரில் விழும். அவர்களுடைய புரோகிராம் அந்த ஃபோல்டரைச் சில நொடிகளுக்கு ஒருமுறை பார்த்து, சிஎஸ்வி கண்ணில் பட்டதும் எடுத்துக்கொள்ளும். பெரிய ஃபைல் போகும் நாட்களில் மட்டும் கடைசி வரிகள் குறையும். எங்கள் லாகில் முழு அளவும் போயிருக்கும். அவர்கள் எங்களைச் சொல்ல, நாங்கள் அவர்களைச் சொல்ல, இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் இரண்டு பக்க லாகையும் நேர வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, நாங்கள் எழுதி முடிப்பதற்கு முன்பே அவர்கள் திறந்திருப்பது தெரிந்தது.

தீர்வு எல்லோரும் அறிந்ததுதான்: வேறு பெயரில் எழுதி, முடிந்ததும் ரீநேம் செய்வது. ஃபைல் அனுப்பும் மென்பொருளான வின்எஸ்சிபி, எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான பரிமாற்ற முறையில் பெரிய ஃபைல்களுக்கு இதைத் தானாகவே செய்கிறது. 'ஃபைல்பார்ட்' என்ற வாலோடு எழுதிவிட்டுக் கடைசியில் வாலை வெட்டிவிடும். ஃபோல்டர்களை ஒத்திசைக்கும் கருவியான ஆர்சிங்க்கும் புள்ளியில் தொடங்கும் மறைவான பெயரில்தான் முதலில் எழுதும். பலரும் தவறவிடுவது அடுத்த விஷயம். தற்காலிக ஃபோல்டரும் இறுதி ஃபோல்டரும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருந்தால்தான் ரீநேம் ஒரே வெட்டில் நடக்கும். ஆர்சிங்க்குக்கு டெம்ப்டிர் ஆப்ஷனில் வேறு பார்ட்டிஷனைக் கொடுத்துவிட்டால் அது இறுதி ஃபைலின் மேலேயே காப்பி அடிக்கத் தொடங்கும், அந்த இடைவெளியில் பாதி ஃபைல் வெளியே தெரியும். "டெம்ப் போட்டுத்தானே எழுதுகிறோம்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒருமுறை இதைச் சரிபாருங்கள்.

எங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எதிர்த்தரப்பு எழுதும் உரிமை மட்டும் கொடுத்தது, ரீநேம் உரிமை தரவில்லை. அவர்கள் பாதுகாப்பு விதி அப்படி. அதனால் சிஎஸ்வி முழுதாகப் போனபின் அதே பெயரில் 'டன்' என்ற வாலோடு ஒரு காலி ஃபைல் அனுப்புகிறோம். டன் ஃபைலைப் பார்த்த பிறகே அவர்கள் எடுக்கிறார்கள். பழைய வழிதான். ஆனாலும் அதன்பின் ஒரு வரிகூடக் குறையவில்லை.

ஜன்னல்பக்கம்:

விண்டோஸ் ஆட்களுக்கு இரண்டு விஷயம்.

கையால் ஓட்டினால் ஓடும், இரவு ஷெட்யூலில் ஓடாது என்றால் முதலில் பாத்தைப் பாருங்கள். இசட் டிரைவ் என்று மேப் செய்தது உங்கள் லாகினுக்கு மட்டும்தான். சர்வீஸாக ஓடும் மென்பொருளுக்கு அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியாது. சர்வர் பெயரோடு தொடங்கும் முழு ஷேர் பாத்தைக் கொடுங்கள். லோக்கல் சிஸ்டம் கணக்கில் ஓடினால் நெட்வொர்க்கில் அது அந்தக் கணினியின் பெயரில்தான் போய் நிற்கும், உங்கள் பெயரில் இல்லை. ஷேரில் அந்தக் கணக்குக்கு உரிமை வேண்டும், அல்லது இதற்கென்று தனி சர்வீஸ் கணக்கு போடுங்கள்.

இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் ஜாப் பச்சையிலேயே இருக்கும். சேருமிடத்தில் முழு பாத் கொடுக்காமல் 'அவுட்புட்' என்று வெறுமனே எழுதிவிட்டு, டாஸ்க் ஷெட்யூலரில் 'ஸ்டார்ட் இன்' கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள் ஓரிடத்தில். அட்மின் உரிமையோடு ஓடியதால் எல்லா ரிப்போர்ட்டும் சி டிரைவின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போய்ச் சேர்ந்திருந்தன. டிஎல்எல் கூட்டத்துக்கு நடுவே சம்பளப் பட்டியல்! பாத் எப்போதும் முழுதாக, டிரைவ் அல்லது சர்வரில் தொடங்கி இருக்கட்டும்.

பின்வாசல்:

தேதி வைத்து ஃபோல்டர் பெயர் அமைப்பவர்கள் கவனத்துக்கு.

இரவு ஒன்றரை மணிக்கு ஓடும் ஜாப். சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கிறது. நமக்கு அது புதன்கிழமை, யுடிசியில் செவ்வாய் இரவு எட்டு மணி. ஃபைல் செவ்வாய்க்கிழமை ஃபோல்டருக்குள் போய்விடும். தினமும் ஒரே மாதிரி தப்பினால் யாராவது பழகிக்கொள்வார்கள். ஆனால் யாரோ ஒருவர் ஜாபைக் காலை ஆறு மணிக்குத் தள்ளுகிறார், அன்று முதல் அது சரியான தேதிக்குத் தாவுகிறது, நடுவில் ஒரு நாள் ஃபோல்டர் காலி. தணிக்கைக்காரர் அந்தக் காலி ஃபோல்டரைத்தான் முதலில் திறப்பார்.

ஜாவாவில் எழுதிய மென்பொருளாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. தேதி வடிவத்தில் சின்ன ஒய் ஆண்டைக் குறிக்கும். பெரிய ஒய் வாரக் கணக்கில் வரும் ஆண்டைக் குறிக்கும். வருடத்தின் பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 2024 டிசம்பர் 30 திங்கட்கிழமை. அந்த வாரம் 2025-இன் முதல் வாரம். எனவே அன்றைய ஃபைல்கள் 2025-12-30 என்ற ஃபோல்டருக்குப் போயின. ஜனவரி 1 அன்று எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது, அதனால் மார்ச் மாத தணிக்கை வரை யாரும் தேடவில்லை. எம் எழுத்திலும் இதே கதை: ஜாவாவில் பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம்; லினக்ஸ் டேட் கட்டளையில் நேர்மாறு. ஒன்றைப் பார்த்து மற்றதில் எழுதினால் மணிக்கு அறுபது ஃபோல்டர் வரை முளைக்கும்.

மேகக்கணக்கு:

நான் பணப் பரிமாற்றத் துறையில் இருக்கிறேன். எங்களுக்குச் சேருமிடம் என்பது சட்ட விஷயமும்கூட. 2018 ஏப்ரல் 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி பணப் பரிமாற்றத் தரவு இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும். வெளிநாட்டில் பிராசஸ் செய்தால் அங்கிருப்பதை அழித்து, ஒரு வேலை நாள் அல்லது 24 மணி நேரத்துக்குள், எது முந்தியோ அதற்குள், இங்கே கொண்டுவர வேண்டும் என்று பிறகு விளக்கமும் வந்தது. எனவே அமேசானின் மேகச் சேமிப்பான எஸ்3-க்கு அனுப்பும் ஜாபில் பக்கெட் (அங்கே நமக்கான சேமிப்பிடம்) பெயரோடு அது எந்த ரீஜனில் (தரவு மையங்கள் உள்ள பகுதி) இருக்கிறது என்பதையும் எழுதி வைக்கிறோம். மும்பை ரீஜன் 2016-இலும் ஐதராபாத் ரீஜன் 2022-இலும் வந்துவிட்டதால் நகல் வைக்கக்கூட நாட்டுக்கு வெளியே போக வேண்டியதில்லை. பழைய ஸ்கிரிப்ட் ஒன்று ரீஜன் சொல்லாமல் பக்கெட் உருவாக்கினால் அது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் போய் நிற்கும், எழுத்து வெற்றி என்றுதான் லாகும் சொல்லும். இதற்காகவே பக்கெட் உருவாக்கும் உரிமையை எந்த ஜாபுக்கும் நாங்கள் கொடுப்பதில்லை. இருக்கிற பக்கெட்டில் எழுதலாம், அவ்வளவுதான்.

சின்னத் தகவல்: எஸ்3-இல் உண்மையில் ஃபோல்டர் கிடையாது, ஃபைல் பெயரின் முன்பகுதிதான் ஃபோல்டர் போலத் தெரிகிறது. பாத்தை லினக்ஸ் பழக்கத்தில் சாய்கோட்டோடு தொடங்கினால் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் போய்விடும்.

இரவுப்பணி:

சாய்கோடு என்றதும் ஆர்சிங்க்கைச் சொல்லாமல் விட முடியாது. மூலத்தின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் அந்த ஃபோல்டரே போகும். கடைசிச் சாய்கோட்டோடு டெலீட் ஆப்ஷனும் சேர்ந்து, சேருமிடம் ஒரு படி மேலே கொடுக்கப்பட்டால், மூலத்தில் இல்லாத அக்கம்பக்கத்து ஃபோல்டர்கள் அத்தனையும் அழியும். ஒரு வாடிக்கையாளரிடம் பழைய வெண்டர் விட்டுப்போன ஸ்கிரிப்டில் சரியாக இப்படி ஒரு வரி இருந்தது. டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டுப் பார்த்தபோது அழிக்கப்போகும் ஃபைல்களின் பட்டியல் திரையில் நிற்காமல் ஓடியது. நல்லவேளை, அந்த ஜாப் அதுவரை ஷெட்யூலில் ஏறியிருக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்:

வணக்கம். எதிர்த்தரப்பு "ரூட்டில் போடுங்கள்" (மேல்மட்ட ஃபோல்டரில்) என்கிறார்கள், போட்டால் பெர்மிஷன் டினைட். அவர்கள் பக்கம் ஓடும் சர்வர் மென்பொருள் ஓபன்எஸ்எஸ்ஹெச். என்ன செய்வது? அப்படியே, புது ஜாபை எப்படிச் சோதிப்பது என்றும் சொல்லுங்களேன்.

கட்டளைவரி:

தம்பி, அவர்கள் க்ரூட் போட்டிருப்பார்கள். லாகின் ஆனதும் நீ ரூட் என்று பார்ப்பது உண்மையில் உனக்கென்று அடைத்துக் கொடுத்த ஃபோல்டர். அது ரூட் யூசருக்குச் சொந்தமாக இருந்தே ஆக வேண்டும், வேறு யாருக்கும் அதில் எழுதும் உரிமை இருக்கக் கூடாது என்பது ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் விதி. அதனால் நேராக அங்கே எழுத முடியாது. உள்ளே 'அப்லோட்' மாதிரி ஒரு ஃபோல்டர் கட்டாயம் வைத்திருப்பார்கள், பட்டியல் எடுத்துப் பார்.

இரவுப்பணி:

சோதனைக்கு நான் செய்வது: யாரும் வைக்காத பெயரில் ஒரு சின்ன ஃபைல் அனுப்பு. வந்ததா என்று உன் மென்பொருளைக் கேட்காதே, வாங்குகிற மனிதருக்கு போன் போட்டு, அவர் திரையில் அந்தப் பெயரையும் அளவையும் வாசிக்கச் சொல். பிறகு அவர்களிடம் அனுமதி வாங்கி, சேருமிட ஃபோல்டரின் பெயரைச் சிறிது நேரம் மாற்றி வைக்கச் சொல்லி ஜாபை மறுபடி ஓட்டு. ஜாப் சிவப்பாக வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்:

நன்றி அண்ணா. அப்லோட் ஃபோல்டர் இருந்தது, அதற்குள் எனக்கென்று இருந்த உள் ஃபோல்டருக்கு ஃபைல் போய்விட்டது. ஆனால் அந்த உள் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு ஓட்டினால் இப்போதும் பச்சைதான் வருகிறது. நேற்று மாலை பார்த்தேன்: எதிர்த்தரப்பில் அப்லோடுக்குள் பழைய பெயரிலேயே புதிதாக ஒரு ஃபோல்டர் முளைத்திருக்கிறது, என் ஃபைல் அதற்குள் கிடக்கிறது.

இரவுப்பணி:

அவர்கள் உன் கணக்குக்கு ஃபோல்டர் உருவாக்கும் உரிமையைத் திறந்து வைத்திருக்கிறார்கள், சொல்லிவிடு. உன் மென்பொருளிலும் சேருமிட செட்டிங்கில் "ஃபோல்டர் இல்லையென்றால் உருவாக்கு" என்று ஒரு டிக் இருக்கும். பல மென்பொருள்களில் அது முதலிலேயே போடப்பட்டு வரும். அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்.

புதிதாகச் சேர்ந்தவர்:

எடுத்துவிட்டேன். சிவப்பு வந்துவிட்டது, மெயிலும் வந்தது. எங்களிடம் ஓடும் மற்ற ஜாப்களிலும் அந்த டிக் இருக்கிறது. இன்று முதல் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.