முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவர் ஏன் திரும்பி வரவில்லை?

ஏழு வருடமாக ஒரு சிறிய திறமூல நூலகத்தைப் (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய நிரல் தொகுப்பை) பராமரித்து வருகிறேன். தேதி, நேரக் கணக்குகளுக்கானது. புதிதாக வரும் தன்னார்வலர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதில் எனக்குத் தெரிந்தது எல்லாமே, யாரையாவது இழந்த பிறகு தெரிந்துகொண்டதுதான்.

முதலில் இழந்தவர் இன்னும் நினைவில் இருக்கிறார். ஒரு பிழைச்செய்தி குழப்பமாக இருந்ததைத் திருத்தி, அதற்கு டெஸ்டும் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்) எழுதி புல் ரிக்வெஸ்ட், அதாவது இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை, அனுப்பியிருந்தார். எனக்கு அப்போது அலுவலக வேலை அதிகம். 19 நாள் கழித்துத்தான் உட்கார்ந்தேன். அக்கறையோடு வரிவரியாகப் படித்து 14 கருத்துகள் எழுதினேன். இடைவெளி, மாறிகளின் பெயர், மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா, இப்படி. அவரிடமிருந்து பதில் வரவே இல்லை. சில மாதம் கழித்து அந்தக் கருத்துகளைத் திரும்பப் படித்தபோது, அவற்றில் 11 ஃபார்மேட்டர் என்ற, நிரலின் வடிவத்தை ஒழுங்காக்கும் கருவி தானாகவே சரிசெய்துவிடக்கூடியவை என்று புரிந்தது. டெஸ்ட் அருமையாக இருக்கிறது என்று மனதில் நினைத்தேன். அதை மட்டும் எழுதவில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவில் 2013 வாக்கில் தங்கள் பங்களிப்பாளர்களைக் கவனித்துச் சொன்ன ஒரு விஷயத்தைப் பிறகு படித்தேன். முதல் பேட்சுக்கு (அனுப்பும் நிரல் திருத்தத்துக்கு) 48 மணி நேரத்துக்குள் ரிவியூ கிடைத்தவர்கள் மறுபடி வருவது மிக அதிகமாம். ஏழு நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் திரும்பி வருவது ஏறக்குறைய இல்லையாம். 19 நாள் என்ற எண் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து, முழு ரிவியூவுக்கு நேரமில்லை என்றாலும் இரண்டு நாளுக்குள் ஒரு வரியாவது எழுதிவிடுகிறேன். “பார்த்தேன், நன்றி. சனிக்கிழமை நிதானமாகப் படிக்கிறேன்.” இவ்வளவுதான். சொன்னபடி சனிக்கிழமை படிக்கவும் வேண்டும். ஃபார்மேட்டரையும் தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிட்டோம். ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு இடைவெளியைப் பற்றி எழுத வேண்டிய தேவையே இப்போது இல்லை.

அடுத்தது நிறுவல். எங்கள் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் “மூன்றே படிகள்” என்று நானே எழுதியிருந்தேன். புதியவர் ஒருவரிடம், நீங்கள் திரையைப் பகிர்ந்து இதைச் செய்யுங்கள், நான் பேசாமல் பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். முதல் படியிலேயே அவருடைய பைத்தான் பதிப்பு ஒத்துவரவில்லை. இரண்டாவது படியில் சி கம்பைலர் (சி மொழி நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) இல்லை என்று நின்றது. அது வேண்டும் என்று எங்குமே எழுதவில்லை. என் கணினியில் எப்போதோ நிறுவியது, மறந்தே போயிருந்தேன். மூன்றாவது படியில் டெஸ்ட்கள் ஓடின, நான்கு தோற்றன. என் கணினி எப்போதும் உலகப் பொது நேரமான யூடிசி நேரத்தில் இருக்கும்படி அமைத்திருந்தேன். அவருடையது அவர் ஊர் நேரத்தில் இருந்தது. அதாவது, நேரக் கணக்குக்கான நூலகம் வேறொரு நேர வலயத்தில் தன் சொந்த டெஸ்டிலேயே தோற்றிருக்கிறது, எனக்கு அது தெரியவே இல்லை.

மொத்தம் 2 மணி 10 நிமிடம் ஆனது. அதற்குள் “நான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் போல” என்று அவர் மூன்று முறை சொன்னார். ஒன்றுகூட அவர் தப்பு இல்லை. யாரும் உடன் இல்லாமல் தனியாகச் செய்திருந்தால், தனக்கு இது ஒத்துவராது என்று மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார். அப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பட்டியலிலும் இருக்காது. அன்றைக்கே அவர் ரீட்மீயைத் திருத்தி அனுப்பினார். அதுதான் அவருடைய முதல் கமிட், அதாவது நிரலில் பதிவான முதல் மாற்றம். நேர வலய வழுவைச் சரிசெய்தது இரண்டாவது.

இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். “குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ” என்று, அதாவது புதியவருக்கு ஏற்ற எளிய வேலை என்று, குறியிட்ட ஒன்றை, எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி என்றேன். நான்கு நாள் கழித்து வேறு எதையோ திருத்தும்போது பத்து நிமிடத்தில் அதையும் நானே முடித்துவிட்டேன். அவர் பாதி எழுதி வைத்திருந்தாராம். எளிய வேலையைப் புதியவருக்கென்று விட்டுவைப்பதும் பராமரிப்பாளரின் வேலைதான். அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸ் 2010-இல் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்தபோது, அதற்கும் முன்னோடியான ஸ்டார்ஆபிஸ் காலத்து ஜெர்மன் மொழிக் குறிப்புகள் நிரலுக்குள் ஏராளமாக இருந்தன. அவற்றை ஆங்கிலமாக்கும் வேலையை “ஈஸி ஹேக்ஸ்” பட்டியலில் வைத்தார்கள். நிரல் எழுதத் தயங்குபவர்கூட அதில் கை வைக்கலாம். அதைச் செய்யும்போதே பில்ட் செய்வது (நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றுவது), பேட்ச் அனுப்புவது எல்லாம் பழகிவிடும். அந்த மாதிரி வேலைகளை இப்போது நானும் தேடித் தேடி எழுதி வைக்கிறேன். எந்தக் கோப்பு, எந்தச் செயற்கூறு, எந்த டெஸ்ட் ஓட வேண்டும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கலாம் என்று ஒவ்வொன்றிலும் இருக்கும். அப்படி ஒரு இஷ்யூ எழுத, அதை நானே முடிப்பதைவிட அதிக நேரம் ஆகிறது. பரவாயில்லை.

மனதை உறுத்தும் ஒன்று பாக்கி இருக்கிறது. 2020 அக்டோபரில், ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வின் பரிசுக்காக அனுப்பப்பட்ட வெற்றுப் புல் ரிக்வெஸ்ட்கள் பல திட்டங்களில் குவிந்தன. ரீட்மீயில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்புவார்கள். எங்களுக்கும் ஒரே நாளில் முப்பதுக்கு மேல் வந்தன. எல்லாவற்றையும் மளமளவென்று மூடினேன். அதில் ஒன்று உண்மையானது. எடுத்துக்காட்டு நிரலில் இருந்த ஒரு பிழையைத் திருத்தியிருந்தார். நான் படிக்காமலே “ஸ்பாம்” என்று குறியிட்டிருந்தேன். தெரிந்ததும் மறுபடி திறந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் எழுதவில்லை.

2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற திறமூல மென்பொருளில் ஒளித்துவைத்த பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வெளிப்பட்ட பிறகு, புதியவர்களை எப்படி நம்புவது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அங்கே இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பங்களித்து நம்பிக்கை பெற்றவர்தான் அதைச் செய்தார். வெளியீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதில் அவசரம் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் பேட்சோடு வருபவரைச் சந்தேகத்தோடு வரவேற்க இது காரணம் ஆகாது. அதை முதலில் இருந்து பராமரித்து வந்தவர் அதற்கு முன் பல வருடம் தனியாக, களைத்துப்போய் வேலை செய்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

* * *

நான் அந்தப் பக்கம், புதிதாகப் பங்களிக்க வந்தவர்களின் பக்கம், இருந்தவள். மேலே சொன்ன “நான்தான் தப்பாகச் செய்துவிட்டேன் போல” என்பதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

என் முதல் புல் ரிக்வெஸ்டுக்கு “ரீபேஸ் செய்யவும்” என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. திட்டத்தில் அதற்குள் சேர்ந்த மாற்றங்களுக்கு மேல் என் மாற்றத்தை மறுபடி பொருத்தச் சொல்கிறார்கள். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் எனக்குக் கமிட், புஷ் (மாற்றத்தைப் பதிவது, அனுப்புவது) தாண்டி எதுவும் தெரியாது. தேடிப் படித்துச் செய்தேன். வேறு யார் யாரோ எழுதிய 40 கமிட்கள் என் பெயரில் வந்து நின்றன. பயந்துபோய் அதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தேன். அதுவும் குழம்பியது. மூன்றாவது முறை திறந்தபோது, ஊரே பார்க்கும் இடத்தில் மூன்று முறை தோற்ற மாதிரி இருந்தது. இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம் திட்டத்தைச் சேர்ந்த இன்னொருவர் எழுதினார்: “மூட வேண்டாம், இதிலேயே கமிட்களைச் சேர்த்துக்கொண்டே போங்கள். எத்தனை இருந்தாலும் மெர்ஜ் செய்யும்போது நாங்கள் ஒன்றாக்கிக்கொள்வோம். ரீபேஸ் எனக்கும் முதல் வருடம் முழுக்கப் புரியவில்லை.” அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் திரும்பிப் போனேன். இப்போது அதே திட்டத்தில் நான் ரிவியூ செய்கிறேன். “ரீபேஸ் செய்யவும்” என்று எழுத நேர்ந்தால், இட வேண்டிய கட்டளைகளையும் வரிசையாகக் கீழே எழுதிவிடுகிறேன்.

* * *

நிரலே எழுதாமல் பங்களிப்பவர்களைப் பற்றியும் யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். நான் மொழிபெயர்ப்பாளர்.

ஒரு நேரக்கணிப்புச் செயலியைத் தமிழாக்க உட்கார்ந்தேன். “செகண்ட்” என்ற ஆங்கிலச் சொல் தனியாக நிற்கிறது. அது நொடியா, இரண்டாவதா? “ஓப்பன்” என்று ஒரு சொல். பொத்தானில் வருவதென்றால் “திற”, நிலையைக் காட்டுவதென்றால் “திறந்துள்ளது”. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள் என்பதால் நிரல் எழுதியவருக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்காது. கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று, செயலியை ஓட்டிப் பார்த்து ஊகித்தே பாதியை முடித்தேன்.

ஒருநாள் துணிந்து இந்த இரண்டு சொற்களையும் ஒரு இஷ்யூவாக எழுதினேன். மறுநாளே அதன் பராமரிப்பாளர் பதில் எழுதினார். இந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் இல்லை, எந்தத் திரையில், எந்த இடத்தில் வருகிறது என்று அறுபதுக்கும் மேற்பட்ட சொற்களுக்கு நிரலிலேயே குறிப்பு சேர்த்திருந்தார். மொழிபெயர்ப்புக்கு அவர்கள் பயன்படுத்தும் கெட்டெக்ஸ்ட் கருவியில் அதற்கென்றே வசதி இருக்கிறது. அதுவரை அந்த வசதியை அவர்கள் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். அடுத்த வெளியீட்டில் அந்தக் குறிப்புகள் எல்லா மொழிக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒரு வாரத்துக்குள் வேறொரு மொழியின் மொழிபெயர்ப்பாளர் வந்து, நொடி வர வேண்டிய இடத்தில் தான் இரண்டு வருடமாக “இரண்டாவது” என்று வைத்திருந்ததைத் திருத்தி அனுப்பினார்.