மறு: ‘ரீடெய்ன்ட் அட்வான்டேஜ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஆண்வழியில் பருவமடைந்த திருநங்கை வீராங்கனையரிடம், இயக்குநீரைக் குறைத்த பிறகும் தங்கிவிடும் உடல் சாதகத்தைத்தான் விளையாட்டுச் செய்திகளில் ‘ரீடெய்ன்ட் அட்வான்டேஜ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியது:

> ‘ஆண்மை எச்சம்’ சுருக்கமாகவும் பளிச்சென்றும் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

சுருக்கம்தான், ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆண்மை என்றால் நம் காதில் வீரமும் சேர்ந்தே விழும். எச்சம் என்றால் பறவை எச்சம் நினைவுக்கு வரும். ஒரு திருநங்கை வீராங்கனையின் உடம்பைப் பற்றிச் செய்தியில் இப்படி எழுதினால், அவர் ஆடலாமா கூடாதா என்ற விவாதம் தொடங்கும் முன்பே அவரை இழிவுபடுத்தியாகிவிடுகிறது.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று முதலில் பார்த்துவிடுவோம். ஆண்களிடம் மிகுதியாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற இயக்குநீரால் பருவமடைந்த உடம்பில் உயரம், எலும்பின் நீளம், தசை, ஹீமோகுளோபின் எல்லாமே கூடுதலாக இருக்கும். பிற்பாடு அந்த இயக்குநீரை மருந்தால் குறைக்கும்போது இவை ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. ஹீமோகுளோபின் நான்கு மாதத்துக்குள் பெண்களுக்குரிய அளவுக்கு வந்துவிடுகிறது. தசை ஓராண்டில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான் குறைகிறது. உயரம் குறைவதே இல்லை. அமெரிக்க விமானப்படையினரின் உடற்தகுதித் தேர்வுப் பதிவுகளை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டாண்டு சிகிச்சைக்குப் பிறகு தண்டாலிலும் சிட்-அப்பிலும் திருநங்கையருக்கும் மற்றப் பெண்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. ஒன்றரை மைல் ஓட்டத்தில் மட்டும் திருநங்கையர் 12 விழுக்காடு வேகமாகவே இருந்தார்கள். இவர்கள் படையில் இருந்தவர்கள், பதக்கத்துக்காகப் பயிற்சி எடுத்தவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, எது தங்கும், எது போகும், எவ்வளவு காலம் தங்கும் என்பதில்தான் சண்டையே. அதனால் நான் முன்வைப்பது: தங்குசாதகம்.

இது வினைத்தொகை. தங்கிய சாதகம், தங்குகிற சாதகம், தங்கும் சாதகம் என்று மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கும். ‘எஞ்சிய சாதகம்’ என்று எழுதினால் எஞ்சிவிட்டது என்று முடிவே சொன்னதாகிவிடும். மருத்துவர் ஐயா சொன்ன ‘தங்குவலு’ நன்றாக ஒலிக்கிறது, ஆனால் உயரத்தை வலு என்று சொல்ல முடியாதே. கைப்பந்தில் உயரம்தான் முதல் கணக்கு. ‘சாதகம்’ என்றால் ஜாதகத்தோடு குழம்பும் என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். விளையாட்டுப் பக்கம் படிப்பவர்களுக்கு ‘சொந்த மண்ணின் சாதகம்’ பழகிய தொடர், குழப்பம் வராது.

2022 மார்ச்சில் திருநங்கை வீராங்கனை லியா தாமஸ் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான 500 கெஜ நீச்சலில் பட்டம் வென்றார். மூன்று மாதத்தில் உலக நீச்சல் சம்மேளனம் விதியை மாற்றி, ஆண்வழியில் பருவமடைந்த திருநங்கையரைப் பெண்கள் பிரிவிலிருந்து விலக்கியது. மறுபக்கம், டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கிய நியூசிலாந்துத் திருநங்கை லாரல் ஹப்பார்டு, ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் மூன்று முயற்சியிலும் தோற்று வெளியேறினார். இரண்டு செய்தியையும் எழுத நம் சொல் உதவ வேண்டும். முதல் செய்தியில் ‘தங்குசாதகம் உண்டு என்று சம்மேளனம் கருதியது’ என்றும், இரண்டாவதில் ‘தங்குசாதகம் இருந்தாலும் பதக்கம் உறுதியில்லை’ என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் இடறவில்லை. முன்னணி ஓட்டப்பந்தயங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைவெளி 10 முதல் 12 விழுக்காடு. அதற்காகத்தான் பெண்கள் தனிப்பிரிவு கேட்கிறார்கள், அது நியாயமான கோரிக்கை. அதை எழுதுவதற்குத் திருநங்கையரைச் சிறுமைப்படுத்தும் சொல் தேவையில்லை.

அப்புறம், அந்த நீச்சல் விதியில் வரும் பருவமடைதல். ‘ஆண் பூப்பு’ என்று வேண்டவே வேண்டாம். பூப்பும் வயதுக்கு வருவதும் தமிழில் பெண் பிள்ளைகளுக்கே உரியவை. பையன்களுக்குக் குரல் உடைந்தது, மீசை அரும்பியது என்கிறோமே தவிர, தனிச்சொல் புழக்கத்தில் இல்லை. ‘விடலைப் பருவம்’ வயதைச் சொல்லும், உடம்பில் நடந்ததைச் சொல்லாது. ‘டெஸ்டோஸ்டிரோன்வழிப் பருவமடைதல்’ நீளம்தான், ஆனாலும் காரணத்தை மட்டும் சொல்கிறது. செய்திக்கு ‘ஆண்வழிப் பருவமடைதல்’ போதும்.

இன்னொன்றைக் கட்டாயம் பிரித்தாக வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளி, அவர் பெண்தானா என்று பார்த்த சோதனைக்குப் பிறகு பறிக்கப்பட்டது. அவரும், ஒடிசா ஓட்ட வீராங்கனை தூத்தி சந்தும், தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யாவும் பெண்ணாகவே வளர்ந்தவர்கள், திருநங்கையர் அல்லர். இவர்களையும் திருநங்கையரையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்புவது இன்னும் நடக்கிறது, அது எனக்குப் பொறுக்கவில்லை. பிறவியிலேயே உடலின் பால்கூறுகள் வழக்கத்திலிருந்து மாறி அமைவதைப் ‘பால்வளர்ச்சி வேறுபாடு’ என்றே எழுதுவோம். ‘கோளாறு’ வேண்டாம். அதேபோல, 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்குக் கட்டாயமாக்கிய எஸ்ஆர்ஒய் சோதனையைப் ‘பாலினச் சோதனை’ என்று எழுதுவது பிழை. கன்னத்தின் உட்புறத்திலோ இரத்தத்திலோ மாதிரி எடுத்து, பொதுவாக ஆண்களின் ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்ஆர்ஒய் என்ற ஒரு மரபணு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அது பாலைப் பற்றியது, அதாவது உடற்கூற்றைப் பற்றியது; ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ உணரும் பாலினத்தைப் பற்றியது அல்ல. ‘பால் மரபணுச் சோதனை’ சரியாக இருக்கும்.

கடைசியாக ‘ஓபன் கேட்டகிரி’, அதாவது பால் வேறுபாடு பார்க்காமல் யாரும் போட்டியிடக்கூடிய பிரிவு. 2023-ல் பெர்லின் உலகக் கோப்பை நீச்சலில் அப்படி ஒரு பிரிவு அறிவித்தார்கள், ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. இதைப் ‘பொதுப் பிரிவு’ என்றால் தமிழ்நாட்டில் இடஒதுக்கீடுதான் மனதில் வரும். ‘யாவர் பிரிவு’ எப்படி? மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடின்போது பழகிய ‘ஓபன் பிரிவு’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்றாலும் எனக்குச் சம்மதமே. இலங்கை நண்பர்கள் பாடநூல்களில் என்ன வழங்குகிறது என்று எழுதுங்கள்.