ஆரஞ்சுச் சுளையில் இருந்த நார்

அமெரிக்காவின் டெக்சாஸில் காசா (CASA, கோர்ட் நியமிக்கும் சிறப்புக் குரலாளர்) தன்னார்வலராக இருக்கிறேன். பெற்றோரிடமிருந்து அரசு பிரித்தெடுத்த பிள்ளைக்காக நீதிபதி எங்களை நியமிப்பார். பிள்ளையை அடிக்கடி போய்ப் பார்த்து, அதற்கு எது நல்லது என்று கோர்ட்டுக்கு எழுதித் தர வேண்டும். 1977இல் சியாட்டிலில் ஒரு நீதிபதி தொடங்கிவைத்த முறை இது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு ஐந்து வயது. அம்மாவுக்கு மெத் என்ற போதைப்பொருள் பழக்கம். ஃபாஸ்டர் வீட்டுக்கு, அதாவது அரசு ஏற்பாட்டில் தற்காலிகமாக வளர்க்கும் குடும்பத்துக்கு, வந்த புதிதில் தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைத்திருந்தாள். அதைக் கேட்டதும் அந்த அம்மா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் மேற்பார்வையில் நடக்கும் சந்திப்பு ஒன்றில் அவரைப் பார்த்தேன். கை நடுங்க நடுங்க ஆரஞ்சு உரித்தார். ஒவ்வொரு சுளையிலும் ஒட்டியிருந்த வெள்ளை நாரை நகத்தால் நிமிண்டி எடுத்த பிறகே மகளிடம் நீட்டினார். நார் இருந்தால் துப்பிவிடுவாளாம். என் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது.

ஆனால் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. 1997ஆம் ஆண்டு அமெரிக்க மத்தியச் சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை ஃபாஸ்டர் பராமரிப்பில் இருந்தால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை நீக்க அரசு மனுப் போட்டாக வேண்டும். டெக்சாஸ் இன்னும் கறார்: ஒரு வருடத்துக்குள் விசாரணை தொடங்க வேண்டும், நீட்டித்தால் மேலும் 180 நாள். போதையிலிருந்து மீள்வது நாள் குறித்து நடக்கிற காரியமா? இரண்டு முறை சிகிச்சையில் சேர்ந்தார், இரண்டு முறையும் பாதியில் வெளியேறினார். முடிப் பரிசோதனை சுமார் மூன்று மாதப் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கும், காட்டியது. பிறகு சந்திப்புக்கும் வரவில்லை.

தெளிவான, நம்பத்தக்க ஆதாரம் இல்லாமல் இந்த உரிமையை நீக்கக் கூடாது என்று 1982இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆதாரத்துக்குக் குறைவில்லை. நீக்கலாம் என்றுதான் நானும் எழுதினேன். எழுதி முடித்த இரவு தூக்கமே வரவில்லை. அறிக்கையில் அந்த ஆரஞ்சையும் சேர்த்தேன். பாசமில்லாத தாய் என்று கோப்பில் பதிந்துவிடக் கூடாது.

தத்தெடுக்கப்போகிற ஃபாஸ்டர் அம்மாவிடம் நாரைப் பற்றிச் சொன்னேன். இவளுக்கு ஆரஞ்சே பிடிக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம்.