தாத்தாவின் பியூன் கோட்டு: எந்த ஆபீஸ் என்று சொல்ல முடியுமா?

யாங்கோன் (பழைய ரங்கூன்) உறவுகளுக்கு வணக்கம். அப்பாவின் தகரப் பெட்டியில் தாத்தாவின் பியூன் கோட்டு கிடைத்தது. வெள்ளை டிரில் துணி, நின்ற காலர், முழங்கால் வரை நீளம், கைமுனையில் சிவப்புக் கரை. தோளில் டவாலி (மார்புக்குக் குறுக்கே போடும் வார்) மாட்டும் பட்டை இருக்கிறது. டவாலியும் அதில் பொருத்தும் வில்லையும்தான் (தகடு) இல்லை. வில்லை இருந்தால் அதிலேயே ஆபீஸ் பேர் இருந்திருக்கும், உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.

பித்தளைப் பொத்தானில் தோகை விரித்த மயில், மேலே கிரீடம். பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது 1937 ஏப்ரல் 1, சுதந்திரம் 1948 ஜனவரி 4. இரண்டுக்கும் நடுவில் தைத்தது என்பது என் கணிப்பு. அதிலும் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தைக் கழித்துவிடலாம், அப்போது கிரீடத்துக்கு ஏது வேலை!

தாத்தா செக்ரட்டேரியட்டில் இருந்தார் என்கிறார் அத்தை, ஹைகோர்ட் என்று அடித்துச் சொல்கிறார் சித்தப்பா. கழுத்துப் பட்டியின் உள்ளே மசியால் ஒரு எண் இருக்கிறது. சலவைக் குறியா, ஆள் நம்பரா?

அந்தக் காலத்து ஆபீஸ் குரூப் போட்டோ யார் வீட்டிலாவது இருந்தால், ஓரத்தில் நிற்கும் பியூன்களின் கைமுனையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், பொத்தானைப் புளி போட்டுத் துலக்கலாமா? அக்கா துடிக்கிறாள், மயில் தேய்ந்துவிடும் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.