இணைத்தட்டு இடைவெளியைக் குறைத்தும் எலக்ட்ரானின் வேகம் கூடவில்லையே, ஏன்?

கேள்வி:
வெற்றிடத்தில் இரண்டு இணைத்தட்டுகள், இடைவெளி 2 செ.மீ., மின்னழுத்த வேறுபாடு 500 வோல்ட். எதிர்மின் தட்டருகே ஓய்விலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் நேர்மின் தட்டை அடையும்போது 1.33 × 10⁷ மீ/வி வேகம் பெறுகிறது. தட்டுகளை 1 செ.மீ.க்கு நெருக்கினால் புலம் இரட்டிக்கிறது, விசையும் இரட்டிக்கிறது. ஆனால் கடைசி வேகம் மாறவில்லை. எங்கே இடிக்கிறது? இன்னொன்று, நேர்மின் தட்டில் சின்னத் துளை போட்டால் எலக்ட்ரான் மறுபக்கம் அதே வேகத்தில் போகுமா?

பதில் 1:
எங்கேயும் இடிக்கவில்லை. விசை இரட்டிக்கும்போது அது தள்ளிக்கொண்டு போகும் தூரம் பாதியாகிவிடுகிறது. இரண்டையும் பெருக்கினால் அதே 500 எலக்ட்ரான் வோல்ட்தான் (ஓர் எலக்ட்ரான் 500 வோல்ட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல்), அதாவது 8.0 × 10⁻¹⁷ ஜூல். மாறுவது நேரம். 2 செ.மீ.யில் புலம் 25,000 வோல்ட்/மீ, முடுக்கம் 4.4 × 10¹⁵ மீ/வி², கடக்க 3 நானோவினாடி. 1 செ.மீ.யில் அது 1.5 நானோவினாடி. புவியீர்ப்பைச் சேர்க்க வேண்டியதே இல்லை, இந்த முடுக்கம் அதைப்போல் 10¹⁴ மடங்குக்கும் மேல்.

புரோட்டானை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டாலும் ஆற்றல் இதேதான். நிறை 1836 மடங்கு என்பதால் வேகம் 43இல் ஒரு பங்கு, 3.1 × 10⁵ மீ/வி.

இதெல்லாம் மின்மூலம் இணைப்பிலேயே இருக்கும்வரைதான். 500 வோல்ட்டுக்கு மின்னேற்றி, கம்பியைக் கழற்றிவிட்டுத் தட்டுகளை நெருக்கினால் கணக்கே வேறு. தட்டிலுள்ள மின்னூட்டம் எங்கும் போக முடியாது, ஆகவே புலம் 25,000இலேயே நிற்கும். மின்னழுத்தம் 250க்கு இறங்கும், வேகமும் 9.4 × 10⁶ மீ/வி ஆகக் குறையும். கேள்வியில் மின்மூலம் இருக்கிறதா, கழற்றப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள்.

பதில் 2:
துளைக்கு வருகிறேன். அதே வேகத்தில் போகுமா என்பது துளைக்கு அப்பால் உள்ள மின்னழுத்தத்தைப் பொறுத்தது. பலர் எதிர்மின் தட்டை எர்த் செய்து, துளையுள்ள தட்டுக்கு +500 கொடுத்துவிடுகிறார்கள். உலோகக் கலனின் சுவரும் எர்த்தில்தான் இருக்கும். அப்போது துளையைத் தாண்டிய எலக்ட்ரானை அந்தத் தட்டே பின்னால் இழுக்கும். சுவரை நெருங்க நெருங்கப் பெற்ற ஆற்றலையெல்லாம் இழந்துவிடும். சரியான இணைப்பு இதற்கு நேர்மாறானது: துளையுள்ள தட்டு எர்த்தில், எதிர்மின் தட்டு −500இல். இப்போது துளைக்கு அப்பால் எல்லாமே சுழி வோல்ட், புலம் இல்லை, வேகம் மாறாது. இதில் எலக்ட்ரானை வெளியிடும் சூடேற்றும் இழையும் அதன் மின்மாற்றியும் −500இல் மிதக்கும் என்பதால் அவற்றுக்கு அந்த அளவு காப்பு கட்டாயம் வேண்டும்.

துளை சிறியதானாலும் கற்றை கொஞ்சம் விரியும். துளை வாயில் புலக்கோடுகள் வளைவதால் அது விரிக்கும் வில்லையாகவே வேலை செய்கிறது. குவியத் தொலைவு தோராயமாக இடைவெளியின் 4 மடங்கு, உங்களுக்கு 8 செ.மீ. நுண்ணிய கம்பிவலையால் துளையை மூடினால் விரிவு குறையும், ஆனால் மின்னோட்டத்தில் ஒரு பகுதி வலையிலேயே போய்விடும்.

வெற்றிடத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2 செ.மீ. இடைவெளியில் சுமார் 40 பாஸ்கல் அழுத்தத்தில் காற்று 330 வோல்ட் அளவிலேயே மின்னிறக்கம் ஆகிவிடும். 500 வோல்ட்டில் கலன் ஒளிரும், மின்னோட்டம் எகிறும், எலக்ட்ரானின் வேகக் கணக்கு எதுவும் செல்லாது. 10⁻³ பாஸ்கல் வரை இறக்கிய பிறகு உயர் மின்னழுத்தத்தைப் போடுங்கள்.

கேட்டவர்:
நன்றி, இரண்டுமே தெளிவாகிவிட்டன. அடுத்து 2000 வோல்ட்டில் முடுக்கிய கற்றையை 5 செ.மீ. நீளமும் 2 செ.மீ. இடைவெளியும் உள்ள விலக்குத் தட்டுகள் வழியே விடப் போகிறேன். ஒரு தட்டை எர்த் செய்து மற்றதற்கு +200 கொடுத்தால் போதுமா?

பதில் 3:
வேண்டாம், +100, −100 என்று பிரித்துக் கொடுங்கள். அப்போது தட்டுகளின் நடுக்கோடு சுழி வோல்ட்டில் இருக்கும். கற்றை 2000 எலக்ட்ரான் வோல்ட்டுடனேயே நுழையும், தட்டுகளுக்குள் விலகல் 3.1 மி.மீ., வெளியேறும் கோணம் 7.1 பாகை. 20 செ.மீ. தள்ளித் திரை இருந்தால் புள்ளி 2.8 செ.மீ. நகரும். கற்றை விலக்குத் தட்டுகளின் மையத்திலிருந்தே நேர்கோட்டில் கிளம்பியதாக வைத்து, 22.5 செ.மீ.யை 0.125ஆல் (7.1 பாகையின் tan மதிப்பு) பெருக்கினாலும் இதுவே வரும். சரிபார்க்க நல்ல வழி.

ஒரு தட்டு எர்த்தில் இருந்தால் நடுக்கோடு +100க்கு ஏறிவிடும். எலக்ட்ரான் உள்ளே நுழையும்போதே 2100க்கு முடுக்கப்பட்டு, உள்விலகல் 2.98 மி.மீ. ஆகும். அதே தட்டுக்கு −200 கொடுத்துப் பாருங்கள், நுழைவது 1900, விலகல் 3.29 மி.மீ. இரு பக்க விலகலும் சமமாக வராவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

2000 வோல்ட்டில் சார்பியல் திருத்தம் (ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்கத் தேவைப்படுவது) வேகத்தில் 0.3 விழுக்காடுதான், விட்டுவிடலாம். 1,00,000 வோல்ட்டில் விட முடியாது: ½mv² என்ற பழைய சூத்திரம் 1.88 × 10⁸ தரும், உண்மை வேகம் 1.64 × 10⁸ மீ/வி.