புதுப்பிப்பு: பகுதிநேர ஸ்னூக்கர் பயிற்சி, மூன்று மாதம் கழித்து

ஆபீஸ் வேலையை விடாமல் ஸ்னூக்கர் (மேசை மேல் கோலால் பந்தடிக்கும் ஆட்டம்) சொல்லித்தர ஆசை, சொந்தமாக மேசையும் இல்லை, மாணவர்களும் இல்லை, எப்படித் தொடங்குவது என்று மார்கழியில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "கூட்டமில்லாத நேரத்தைக் கேட்டுப் பாருங்கள்" என்ற யோசனைதான். எங்கள் பகுதி ஸ்னூக்கர் பார்லரில் சனி, ஞாயிறு காலை மேசைகள் சும்மா கிடக்கும். உரிமையாளரிடம் பேசினேன், பாதி வாடகைக்கு 2 மணி நேரம் தந்தார். முதலில் ஒரே மேசைக்கு 4 பேரைச் சேர்த்தது தவறு. ஒருவர் அடிக்க, மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது 2 பேர் மட்டும். கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுகிறேன்; வகுப்புக்கு வகுப்பு வாங்கியபோது பாதிப்பேர் வரவில்லை.

முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான். வெள்ளைப் பந்தைப் பழுப்புப் பந்துக்கான புள்ளியில் வைத்து, அதே நேர்கோட்டில் இருக்கும் நீலம், பிங்க், கறுப்புப் பந்துகளின் புள்ளிகள் மேலாக நேரே அடிக்க வேண்டும். பந்து எதிர் குஷனில் (மேசையின் ரப்பர் ஓரத்தில்) பட்டுக் கியூ (அடிக்கும் கோல்) முனைக்கே திரும்ப வேண்டும். வலப்பக்கம் விலகி வந்தால், பெரும்பாலும் பந்தின் நடுவில் கியூ படாமல் வலப்புறம் பட்டிருக்கும்.

எதிர்பாராதது: பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள் என்று நினைத்தேன், வந்தவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். அதில் ஒருவருக்கு நேர் ஷாட்கூட இடப்பக்கமே போகும். எதிரே போனை வைத்து வீடியோ எடுத்தபோதுதான் தெரிந்தது, குறிபார்க்கும் வலது கண்ணுக்குக் கீழே கியூ இல்லை. முகவாயைக் கொஞ்சம் நகர்த்தினோம், அப்புறம் பந்து நேராகப் போகிறது.